கொல்லைப்புறத்தில் ஒரு பீரங்கி

பக்கத்து வீட்டுக்காரர் குழி தோண்டிக்கொண்டிருந்தார். ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை, பனியெல்லாம் உருகி மண் இளகியிருந்த நேரம். வரிசைக்கு நான்காக இரண்டு வரிசையில் எட்டுக் குழிகள். நம்ம ஊர்க் கண்ணுக்கு அது கல்யாணப் பந்தலுக்குக் கால் நடுகிற மாதிரிதான் தெரியும். "வீட்ல விசேஷமா?" என்று கேட்கவும் செய்தேன். அவர் சிரித்துவிட்டு, "பையனுக்கு பேட்டிங் கேஜ்" என்றார்.

நியூ ஜெர்சியில், பிரின்ஸ்டனிலிருந்து காரில் அரைமணி நேரத் தூரத்தில், ஆபீஸ் வேலையாக நான் இரண்டு வருடம் குடியிருந்த தெரு அது. பையனுக்குப் பன்னிரண்டு வயது, லிட்டில் லீக்கில் ஆடுகிறவன். அப்பா என்னைப் போலவே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கிற ஆள். அன்றைக்கு ஒரு கை கொடுக்கப் போனவன், அந்த வேலை முடியும்வரை மூன்று வாரமும் சனி ஞாயிறுகளில் அங்கேயேதான் கிடந்தேன்.

கேஜ் என்றால் கூண்டு. ஆனால் அதைக் கட்டுகிறவர்கள் சுரங்கம் என்றும் சொல்கிறார்கள், அதுதான் சரியான வார்த்தை. 55 அடி நீளம், 12 அடி அகலம், 12 அடி உயரம். மரக்கால்களை காங்கிரீட் போட்டு நட்டு, தலைப்பில் ஸ்டீல் கேபிளை ஓடவிட்டு, டர்ன்பக்கிளைத் திருகித் திருகி முறுக்கேற்றி, அதிலிருந்து வலையைக் கொக்கிகளில் தொங்கவிட வேண்டும். வலை காலைத் தொடக்கூடாது. ஓரடியாவது உள்ளே தள்ளித் தொங்கணும். இல்லாவிட்டால் அடித்த பந்து கம்பத்தில் பட்டு அடித்தவன் முகத்துக்கே திரும்பி வரும். வலை இறுக்கமாகவும் இருக்கக் கூடாது. தொளதொளவென்று இருந்தால்தான் பந்தின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். விறைப்பாகக் கட்டினால் சீக்கிரம் அறுந்துவிடும். கீழே ஓரடி வலை தரையில் புரள வேண்டும், பந்து நழுவி ஓடாமல் இருக்க. எந்தப் பொறியியல் கல்லூரியிலும் இதைச் சொல்லித் தரமாட்டார்கள்.

வலை ஒரு மூட்டையாக வந்தது. கறுப்பு நைலான், 36ஆம் நம்பர் நூல், ஒன்றேமுக்கால் அங்குலக் கண்ணி. நூலுக்கு இப்படி நம்பர் போடுகிற கணக்கு மீன்வலைக்கு உள்ள அதே கணக்குதான். என்னோடு வேலை பார்த்த நாகப்பட்டினத்து நண்பன் ஒருநாள் வந்தவன், வலையை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "இது பெரிய மீனுக்குப் போடுற சரக்குடா மச்சி, இதுல போய் பந்தைப் பிடிக்கிறானுங்க" என்றான்.

கடைசியாக மெஷின் வந்தது. முக்காலி ஒன்றின் மேல் எதிரெதிரே சுழலும் இரண்டு ரப்பர் சக்கரங்கள். நடுவில் பந்தை விட்டால் கவ்வி எறியும். இரண்டு சக்கரத்துக்கும் வேகத்தை வேறு வேறாக வைத்தால் பந்து வளையும். பையன் மெஷினை 60 மைலில் வைத்து அடித்தான். நல்ல சத்தம், கேட்கவே சந்தோஷமாக இருக்கும். ஜூன் மாதத்தில் பத்துக்கு எட்டு பந்தை நேராக அடித்தான்.

மேட்சில் மட்டும் அவனால் தொட முடியவில்லை. எதிரே நின்று எறிந்ததெல்லாம் அவன் வயசுப் பசங்கள்தான், மெஷினைவிட மெதுவாகத்தான் எறிந்தார்கள். இவன் காற்றை வெட்டிவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். அப்பா வேகத்தை 65 ஆக்கினார், அப்புறம் 70. அதையும் அடித்தான். அடுத்த மேட்சிலும் அதே கதை.

டெஸ்ட் சர்வரில் ஓடுகிற புரோகிராம் கஸ்டமர் கையில் போனதும் படுத்துவிடுகிற கதையைத் தினமும் பார்க்கிறவன் நான். அதனால்தானோ என்னவோ இந்த விஷயம் என்னை விடவில்லை. இந்தக் கூண்டையும் மெஷினையும் முதலில் யார் செய்தது, எதற்காகச் செய்தது என்று தேட ஆரம்பித்தேன். தேடியது என்னை என் வீட்டிலிருந்து அரைமணி தூரத்துக்கே கொண்டுவந்து நிறுத்தியது.

*

சார்லஸ் ஹோவர்ட் ஹின்டன் கணித ஆசிரியர், இங்கிலாந்துக்காரர். நான்காவது பரிமாணம் என்று ஒன்று உண்டு, அதை மனிதன் பழகிப் பழகி மனக்கண்ணால் பார்த்துவிடலாம் என்று நம்பியவர். நீளம் அகலம் உயரம் மூன்றோடு இன்னொரு திசையும் சேர்ந்த கனசதுரத்துக்கு 'டெசராக்ட்' என்று பெயர் வைத்தவர் இவர்தான், 1888இல். இன்றைக்கு மார்வெல் படங்களில் அந்த வார்த்தை அடிபடுகிறது. வண்ணம் பூசிய சின்னச் சின்னக் கட்டைகளை வைத்து அந்த நாலாவது திசையைப் பழகச் சொல்லிக் கொடுத்தார். அவருடைய மைத்துனி அலிசியா அந்தக் கட்டைகளோடு வளர்ந்து பிற்பாடு நாற்பரிமாண வடிவியலில் உண்மையான ஆய்வுகளைச் செய்தார்.

அலிசியாவின் அப்பா பெயரைச் சொன்னால் நம் தொழிலில் இருப்பவர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள். ஜார்ஜ் பூல். உண்மை, பொய் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு இயற்கணிதத்தையே கட்டினவர். நாம் எழுதுகிற ஒவ்வொரு இஃப்-எல்ஸிலும் அவர் இருக்கிறார். ஹின்டன் கட்டிக்கொண்டது பூலின் மூத்த மகள் மேரி எலனை. பூலின் மனைவி மேரி எவரெஸ்ட், சிகரத்துக்குப் பெயர் கொடுத்த ஜார்ஜ் எவரெஸ்ட்டின் அண்ணன் தம்பி வகையில் மகள். அந்த எவரெஸ்ட் எடுத்து நடத்திய இந்திய நில அளவைப் பணி, அவருக்கு முன்னால் லாம்டன் 1802இல் பரங்கிமலைக்குப் பக்கத்தில் சங்கிலி போட்டு அளந்த அடிக்கோட்டிலிருந்து கிளம்பியது. சென்னை டிராஃபிக்கில் பரங்கிமலை தாண்டிப் போகிறவர்களுக்கு இது ஒரு சின்னக் கொசுறு. பேஸ்பாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, திரும்பி வருகிறேன்.

ஹின்டன் ஒரு காரியம் செய்தார். மேரி எலன் இருக்கும்போதே வேறு பெயரில் இன்னொரு பெண்ணையும் கல்யாணம் செய்துகொண்டார். 1886இல் இருதார மணக் குற்றம் நிரூபணமாகி மூன்று நாள் சிறை. பள்ளிக்கூட வேலை போனது. மேரி எலன் அவரை விட்டுப் போகவில்லை. குடும்பமாக ஜப்பானுக்குக் கப்பல் ஏறினார்கள்.

யோகோஹாமாவில் தன் பிள்ளைகளுக்காக மூங்கிலை வைத்து ஒரு சட்டகம் கட்டினார் ஹின்டன். கொம்புகள் மூன்று திசையிலும் கட்டம் கட்டமாகப் போகும். ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு எண் தொகுப்பு, நம்முடைய எக்ஸ் ஒய் இசட் ஆயத்தொலைவு போல. அப்பா எண்களைக் கூப்பிட வேண்டியது, பிள்ளைகள் அந்த முடிச்சுக்குக் குரங்கு மாதிரி தாவிப் போக வேண்டியது. மூன்று பரிமாணத்தை உடம்பால் பழகிவிட்டால் நான்காவது பிடிபட்டுவிடும் என்பது கணக்கு. பிள்ளைகள் கணக்கை விட்டுவிட்டார்கள், தாவுவதை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் செபாஸ்டியன், அமெரிக்காவில் காப்புரிமை வழக்கறிஞர் ஆனவர். அப்பா கட்டிய மூங்கில் கூண்டை நினைவு வைத்து, சிகாகோவுக்குப் பக்கத்தில் வின்னெட்கா என்ற ஊரில் இரும்புக் குழாயில் அதைத் திரும்பக் கட்டி, 1920இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். உலகத்தில் எந்தப் பூங்காவுக்குப் போனாலும் பிள்ளைகள் ஏறித் தொங்குகிற 'ஜங்கிள் ஜிம்' அதுதான்.

1893இல் ஹின்டன் பிரின்ஸ்டனுக்குக் கணிதம் சொல்லித்தர வந்தார். அங்கே மாணவர்களுக்கு பேஸ்பால் பைத்தியம். அவர் கவனித்தது ஒரு எளிமையான பிரச்சினையை. அடித்துப் பழகுகிறவனுக்கு நூறு பந்து வேண்டும். எறிகிறவனுக்கு இருப்பது ஒரு தோள். பேட்டிங் பயிற்சி கொடுத்துக் கொடுத்தே பிட்சரின் கை தீர்ந்துவிடுகிறது. களைக்காத கை ஒன்று இருந்தால்? முதலில் கவண் மாதிரி ஒன்றைச் செய்து பார்த்தார், குறி நிற்கவில்லை. பிறகுதான் பீரங்கி ஞாபகம் வந்தது.

ஆமாம், நிஜமான பீரங்கி. பந்து நுழையும் அளவுக்குக் குழல், பின்னால் வெடிமருந்து. குழலின் வாயில் வளைந்த விரல்கள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள், அவை பந்தைத் தடவிச் சுழற்றி வளைந்து போகவைக்கும். வேகத்தைக் கூட்டலாம் குறைக்கலாம். 1896 கடைசியில் பிரின்ஸ்டன் உடற்பயிற்சிக் கூடத்தில் வைத்துக் காட்டினார். அடுத்த வருடம் கல்லூரி அணி அதைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது. 1897 மார்ச்சில் 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' பத்திரிகையில் விவரமாக வந்தது. மட்டையோடு நிற்கிற பையனின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். எதிரே புகை, வெடிச்சத்தம், அதிலிருந்து ஒரு பந்து. அடிபட்டவர்களும் உண்டு. அந்த வருடமே ஹின்டனின் பிரின்ஸ்டன் வேலை முடிந்தது, பீரங்கியும் ஒரு காரணம் என்று சொல்வார்கள். அவர் மினசோட்டா பல்கலைக்கழகத்துக்குப் போனபோது பீரங்கியும் கூடவே போனது.

கடைசியில் வாஷிங்டனில் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்து, 1907இல் இறந்தார். நாலாவது பரிமாணத்தை யாருக்கும் காட்டிவிட முடிந்ததா தெரியாது. ஆனால் கொல்லைப்புறத்தில் அப்பாக்கள் கட்டுகிற இரண்டு சட்டகங்களுக்கு, பிள்ளை ஏறுகிற கம்பிக்கூட்டுக்கும் பிள்ளை அடிக்கிற மெஷினுக்கும், பாட்டன் இந்த ஒரே ஆள்தான். எனக்கு அவர் மேல் கோபமும் பிரியமும் சம அளவில் இருக்கிறது. இரண்டு பெண்களின் வாழ்க்கையோடு விளையாடியவர், தன் பிள்ளைகளுக்கு மூங்கில் கட்டிய கைகள்.

*

கூண்டும் பக்கத்து ஊர்க்காரர் செய்ததே. பிரின்ஸ்டனிலிருந்து சில மைல் தள்ளி ஹோப்வெல் என்று சிற்றூர். அங்கே வெலிங்டன் டைட்டஸ் என்பவர் இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் மடக்கி எடுத்துப்போகக்கூடிய பேட்டிங் கூண்டைச் செய்தார். அடிக்கத் தவறிய பந்தும் பின்பக்கம் சீவிப் போன பந்தும் ஓடாமல் நிறுத்த வலை. அவ்வளவுதான் விஷயம், ஆனால் பயிற்சி நேரத்தில் பாதி பந்து பொறுக்குவதிலேயே போய்க்கொண்டிருந்தது என்பதை வைத்துப் பார்த்தால் பெரிய விஷயம். தெருவில் ஆடும்போது பந்து சாக்கடைக்குள் போனால் யார் எடுப்பது என்று சண்டை போட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பிறகு பிராஞ்ச் ரிக்கி வந்தார். பின்னாளில் ஜாக்கி ராபின்சனைக் கொண்டுவந்து நிறவெறிச் சுவரை உடைத்த அதே ரிக்கி. பயிற்சி முகாமை ஒரு தொழிற்சாலை மாதிரி நடத்தியவர். வீரோ பீச்சில் டாட்ஜர்ஸ் அணியின் முகாமில் மெஷின்கள், கூண்டுகள், பிட்சருக்குக் குறிவைக்க நூல் கட்டிய சட்டங்கள். 1952இல் கான்ஸஸ்காரர் பால் ஜியோவன்யோலி இரும்புக் கை ஒன்று சுற்றி வந்து எறிகிற மெஷினைச் செய்தார், அதிலிருந்து காசு போட்டு அடிக்கிற கூண்டுகள் ஊருக்கு ஊர் முளைத்தன. 1970களில் சக்கர மெஷின். அது சின்னது, தூக்கிப்போக முடியும், விலையும் கைக்கு எட்டுகிற விலை. அதோடு கூண்டு வீட்டுக்குள் வந்துவிட்டது.

வீடு என்றால் எந்த வீடு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 55 அடி நீளத்துக்குக் கொல்லை உள்ள வீடு. மெஷினுக்கும் வலைக்கும் காசு உள்ள வீடு. பக்கத்து வீட்டுக்காரரிடம் புகார் வராத தெரு. அமெரிக்காவில் நகரத்துப் பிள்ளைகள் பேஸ்பாலை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்று வருத்தப்படுகிற கட்டுரைகள் நிறைய வருகின்றன. அதே ஆட்டம் இன்னொரு பக்கம் தனியார் வலைகளுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தேன். கொக்கி மாட்டியதே நான்தான்.

*

வீட்டுக் கூண்டுக் கதைகளில் மைக் பியாட்ஸாவின் கதையைத் தாண்டி ஒன்று கிடையாது.

அப்பா வின்ஸ் பியாட்ஸா, பென்சில்வேனியாவில் இத்தாலியக் குடியேறிக் குடும்பம். பதினாறு வயதில் படிப்பை விட்டவர். பழைய கார் விற்று, அப்புறம் நிலம் வாங்கி விற்றுப் பெரும் பணக்காரர் ஆனார். பேஸ்பால் அவருக்குக் கிடைக்காமல் போன வாழ்க்கை. ஃபீனிக்ஸ்வில் என்ற ஊரில் வீட்டுக்குப் பின்னால் மகனுக்காக கூண்டு கட்டி மெஷினை வைத்தார். பள்ளி விட்டு வந்தால் மைக் அதற்குள்தான். நூற்றுக்கணக்கில் பந்து, தினமும், குளிர்காலத்திலும்.

மைக்குக்குப் பதினாறு வயதாக இருக்கும்போது அந்தக் கூண்டுக்கு டெட் வில்லியம்ஸ் வந்தார். 1941இல் .406 சராசரி எடுத்தவர். அடிப்பதை விஞ்ஞானமாக எழுதியவர். அவர் புத்தகத்தில் ஸ்டிரைக் பகுதியை 77 பந்துகளால் நிரப்பி ஒவ்வொரு பந்துக்கும் ஒரு சராசரி போட்ட படம் இருக்கும், இன்றைய டேட்டா ஆட்களெல்லாம் அதைக் குலதெய்வம் மாதிரி வைத்திருக்கிறார்கள். நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால் பிராட்மேன் உங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு வந்து நீங்கள் ஆடுவதைப் பார்த்த கதை. பையன் அடிப்பதைப் பார்த்துவிட்டு, இந்த வயதில் நான் இவ்வளவு நன்றாக அடித்ததாக நினைவில்லை என்கிற பொருளில் சொன்னார் வில்லியம்ஸ். அதை வீடியோ எடுத்து வைத்திருக்கிறார்கள்.

அப்படியும் எந்த அணியும் அவனைச் சீண்டவில்லை. 1988 டிராஃப்டில் 62ஆவது சுற்றில், 1390ஆவது ஆளாக, டாட்ஜர்ஸ் எடுத்தது. அதுவும் மேலாளர் டாமி லசோர்டா வின்ஸின் பால்ய காலத்து ஊர்க்காரர் என்பதால், ஒரு தயவுக்காக. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. கூண்டு கட்டப் பணம், வில்லியம்ஸைக் கூட்டிவரத் தொடர்பு, கடைசியில் சிபாரிசு. இதெல்லாம் இல்லாத எத்தனையோ மைக்குகள் உண்டு. ஆனால் சிபாரிசில் வந்தவன் 1993இல் முதல் முழு சீசனிலேயே 35 ஹோம் ரன் அடித்து வருடத்தின் சிறந்த புதுமுகம் ஆனான். மொத்தம் 427 ஹோம் ரன். அதில் 396 கேட்சராக ஆடியபோது அடித்தவை, வேறு எந்த கேட்சரும் அந்த எண்ணை எட்டவில்லை. 2016இல் ஹால் ஆஃப் ஃபேம். அவ்வளவு கீழ்ச் சுற்றில் எடுக்கப்பட்ட வேறு யாரும் அங்கே கிடையாது.

என் பக்கத்து வீட்டுக்காரரின் போனில் பியாட்ஸாவின் படம்தான் இருந்தது. அதைக் கவனித்த பிறகு அவர் ஏன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார் என்று புரிந்தது.

அவரிடம் நான் இச்சிரோவின் கதையைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஜப்பானில் நகோயாவுக்குப் பக்கத்தில் டொயோயாமா. இச்சிரோ சுஸுகியின் வீட்டில் கூண்டு இல்லை. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் காசு கொடுத்து அடிக்கிற பேட்டிங் சென்டர் இருந்தது. அப்பா நொபுயுகி மகனைத் தினமும் அங்கே கூட்டிப் போனார். அங்கிருந்த வேகம் பையனுக்குப் பத்தாமல் போகவும், கடைக்காரர் மெஷினுக்கு வலுவான ஸ்பிரிங் போட்டுக் கொடுத்தார். அதுவும் பத்தாமல் அவனுக்காக நிற்கிற இடத்தை மெஷினுக்குப் பக்கமாக நகர்த்தினார்கள். வருடத்தில் 360 நாள் கடுமையாகப் பழகுகிறேன் என்று ஆறாம் வகுப்பிலேயே கட்டுரை எழுதியவன் அவன். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் சேர்த்து 4367 ஹிட்.

அந்த நாட்கள் இரண்டு பேருக்குமே விளையாட்டாக இருந்தன என்று அப்பா பிற்பாடு எழுதினார். அவருக்கு வேண்டுமானால் விளையாட்டாக இருந்திருக்கலாம், எனக்கு அது கொடுமைக்குப் பக்கத்தில் வந்த விஷயம் என்று மகன் ஒரு நேர்காணலில் சொன்னார். ஒரே கூண்டு, ஒரே மாலைகள்.

*

நானும் தனியாக அடித்துப் பழகியவன்தான், கிரிக்கெட். பழைய சாக்ஸுக்குள் பந்தைப் போட்டு மொட்டைமாடிக் கொடிக்கம்பியில் தொங்கவிட்டு ஸ்ட்ரெய்ட் டிரைவ் பழகாத பையன் தொண்ணூறுகளில் நம் ஊரில் உண்டா? எங்கள் வீட்டில் கயிறு கட்டிக் கொடுத்தது அப்பா. மில்லில் ஷிஃப்ட் முடிந்து வந்தவர், கைலியைக்கூட மாற்றாமல், என் இடுப்பு உயரத்துக்கு அளந்து கட்டினார். "வீட்டுக் கண்ணாடி ஒடஞ்சா பேட்டை அடுப்புல வெச்சிருவேன்" என்று மட்டும் சொன்னார். ஒருநாள்கூட எனக்குப் பந்து போட்டதில்லை. நேரம் கிடையாது, நானும் கேட்டது கிடையாது. ஆறு மாதத்தில் தொங்குகிற பந்துக்கு நான் டெண்டுல்கர். ஸ்கூல் டீமுக்கு ஆள் எடுக்கும்போது முதல் பந்தே குச்சியைச் சாய்த்தது.

பிராட்மேன் மட்டும் எப்படி? அவரும் பவ்ரல் என்ற ஊரில் தனியாகத்தான் பழகினார். கையில் ஸ்டம்ப் ஒன்று, கோல்ஃப் பந்து ஒன்று, எதிரே தண்ணீர்த் தொட்டியின் வட்டமான செங்கல் அடிப்பீடம். பந்தை அதில் எறிந்து திரும்பி வருவதை ஸ்டம்பால் அடிக்க வேண்டும். வளைந்த சுவரில் பட்ட பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. என்னுடைய சாக்ஸ் பந்து எப்போதும் ஒரே இடத்துக்குத்தான் வந்தது.

2004 பிப்ரவரியில் நடந்ததை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவில் ஒரு காட்சி ஆட்டம். ஜெனி ஃபின்ச் என்ற சாஃப்ட்பால் பிட்சர், கையைக் கீழிருந்து சுழற்றி எறிகிறவர், பேஸ்பாலின் பெரிய பேட்டர்களுக்கு எதிரே நின்றார். சாஃப்ட்பால் பெரிய பந்து. எறிகிற தூரம் 43 அடி. பேஸ்பாலில் 60 அடி 6 அங்குலம். தூரம் குறைவு, வேகமும் குறைவு; பந்து வந்து சேர ஆகும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். ஃபின்ச் ஆல்பர்ட் புஹோல்ஸை ஸ்டிரைக்அவுட் செய்தார். பிரையன் ஜைல்ஸை. பிறகு மைக் பியாட்ஸாவை. கூண்டுக்குள் லட்சக்கணக்கில் அடித்த கை, தொடவே முடியவில்லை.

காரணம் கணக்கில் இருக்கிறது. 90 மைல் வேகப் பந்து பிட்சரின் கையை விட்டு வந்து சேர ஏறத்தாழ 0.4 விநாடி. மட்டையைச் சுழற்றவே அதில் கணிசமான பங்கு போய்விடும். பந்தைக் கடைசிவரை பார்த்து அடிப்பது என்பது கோச்சுகள் சொல்கிற வாய்ப்பாட்டம், உடம்புக்கு அது சாத்தியமில்லை. நல்ல பேட்டர் பார்ப்பது பந்து கிளம்புவதற்கு முந்தைய விஷயங்களை: தோள் திரும்புகிற விதம், மணிக்கட்டு, விரல் பந்தைப் பிடித்திருக்கிற இடம். ஆயிரக்கணக்கான கைகளைப் பார்த்துப் பார்த்து உடம்பு எழுதி வைத்திருக்கிற நிரல் அது. ஃபின்ச்சின் கை அந்த நிரலில் இல்லாத கை.

மெஷினுக்குக் கையே கிடையாது. சக்கரம் சுற்றுகிறது, பந்து வருகிறது. மெஷினில் சுழற்றுவதைப் பழகலாம். பார்ப்பதைப் பழக முடியாது. இப்போது கனடாவில் 'டிராஜெக்ட்' என்று ஒன்று செய்திருக்கிறார்கள். பெரிய திரையில் குறிப்பிட்ட பிட்சரின் வீடியோ ஓடும், அவர் கை விடுகிற அதே புள்ளியில் இருக்கிற ஓட்டை வழியாக அவர் பந்தின் அதே வேகம், அதே சுழற்சியோடு மெஷின் எறியும். பெரிய அணிகள் வைத்திருக்கின்றன. 130 வருடத்துக்குப் பிறகு பீரங்கிக்கு ஒரு உடம்பு ஒட்டியிருக்கிறார்கள்.

*

இதையெல்லாம் நான் பக்கத்து வீட்டுக்காரரிடம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. இரண்டு வரியில் சொன்னேன், வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு. "மெஷினை நிறுத்திட்டு நீங்களே எறிஞ்சு பாருங்களேன்." அவர் தலையாட்டினார். அந்த வருடம் எறியவில்லை. அவருக்கு நேரம் கிடையாது. மெஷின் இருந்தால் பையன் தனியாக அடித்துக்கொள்வான், அவர் உள்ளே மீட்டிங்கில் இருக்கலாம். குறை சொல்ல எனக்கு வாயில்லை.

டிசம்பரில் உறைமழை பெய்தது. பனிக்காலத்துக்கு முன்பே வலையைக் கழற்றி மடித்து வைத்துவிட வேண்டும், அவர் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். இரவெல்லாம் மழை நூலின் மேல் கண்ணாடியாக உறைந்து, ஒவ்வொரு கண்ணியும் ஒரு ஜன்னலாகிவிட்டது. காலையில் வெயில் பட்டபோது பார்க்க அவ்வளவு அழகு. பத்து மணிக்கு அந்தக் கனத்தில் நடுவிலிருந்த கால் ஒன்று முறிந்து, கேபிள் இழுத்துப் பக்கத்துக் காலும் சாய்ந்து, கூண்டு மெஷினின் மேல் விழுந்தது. பையன் ஜன்னலில் நின்று பார்த்தான். அழவில்லை. அவன் முகத்தில் இருந்தது வருத்தம்தானா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

மார்ச்சில் கால்களை மாற்றினோம். மெஷின் ரிப்பேருக்குப் போயிருந்தது. வலைக்குள் எல்-ஸ்கிரீன் என்று ஒரு சின்னச் சட்டத்தை வைத்தோம். ஆங்கில எல் எழுத்தின் வடிவத்தில் வலை கட்டியது. கை மட்டும் வெளியே வந்து எறிய ஒரு பக்கம் வெட்டியிருக்கும், எறிந்ததும் உடம்பை அதன் பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். அப்பா அதற்குப் பின்னால் நின்று எறிய ஆரம்பித்தார். முதல் வாரம் பையன் பத்துக்கு ஒன்றுதான் அடித்தான். அப்பா எறிவது 45 மைல்கூட இருக்காது. இரண்டு பேரும் சிரித்த சத்தம் என் அடுக்களை வரைக்கும் கேட்டது, முதல் தடவையாக.

மூன்றாவது வாரம் அவருக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு வேலியோரம் வந்து, "நீ கிரிக்கெட் ஆடினவன்தானே" என்றார். முழங்கை மடக்காமல் போட்டுப் பழகிய கை எனக்கு. பேஸ்பாலுக்கு மடக்கி எறியணும். முதல் பந்து கூரை வலையில் பட்டது, இரண்டாவது அவன் முட்டியில். "நேரா என்னைப் பார்த்து எறிங்க" என்றான் பையன். பக்கெட் காலியாகும்வரை எறிந்தேன், பொறுக்கினோம், இன்னொரு பக்கெட் எறிந்தேன். கடைசி ஐந்தில் மூன்றை அடித்தான். ஒன்று எல்-ஸ்கிரீனில் என் முகத்துக்கு நேராக வந்து விழுந்தது.

மறுநாள் காலை ஆபீஸில் மவுஸைப் பிடிக்கக் கையைத் தூக்க முடியவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு பையன் கதவைத் தட்டினான்.